பல்லின் எனாமலும் குடிநீர் மாசும்: குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் வசிக்கிறோம். நெடுங்காலமாக ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வந்தோம். மகளின் பால்பற்கள் வெள்ளையாக இருந்தன. ஏழு வயதில் முளைத்த முன்பற்களில் மட்டும் பழுப்புப் பட்டைகள் தெரிகின்றன. சரியாகத் துலக்காததுதான் காரணமா?

பதில்: இல்லை அம்மா, குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். கிணற்று நீரில் மிகுந்திருக்கக்கூடிய ஃபுளோரைடு என்ற உப்பே காரணமாக இருக்கலாம். பால்பற்களின் எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) பெரும்பாலும் கருவிலும் முதல் ஆண்டிலும் உருவாகிவிடுகிறது. தாய் குடிக்கும் நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே சேரும். நிலையான முன்பற்களின் எனாமலோ பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுவரை ஈறுக்குள் உருவாகிறது. குழந்தை கிணற்று நீரையும் அதில் சமைத்த உணவையும் உட்கொண்ட காலமும் அதுவே. இப்போது உங்கள் கண்ணில் படுவது அன்றைய பாதிப்பு.

கேள்வி: ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது என்றே பாடத்தில் படிக்கிறோம். அதுவே எனாமலைக் கெடுப்பது எவ்வாறு? (பல் மருத்துவ மாணவர்)

பதில்: அளவும் காலமும்தான் வேறுபாடு. எனாமலை உருவாக்கும் செல்கள் முதலில் அமிலோஜெனின் முதலிய புரதங்களாலான சட்டத்தை அமைக்கின்றன. பிறகு நொதிகள் அப்புரதங்களைச் சிதைத்து அகற்ற, அந்த இடத்தைக் கால்சியம், பாஸ்பேட் படிகங்கள் நிரப்புவதால், முதிர்ந்த எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாகிறது. மிகையான ஃபுளோரைடு இந்தப் புரத நீக்கத்தைத் தாமதப்படுத்துவதால், மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் மிகுந்த அடுக்கு எஞ்சுகிறது. இத்தகைய பல் சுண்ணாம்பு வெண்மையுடன் முளைக்கும். பழுப்பு நிறம் பிற்பாடு உணவிலிருந்து ஊறுவது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901-இல் பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் கவனிக்கத் தொடங்கிய இக்கறைக்குக் குடிநீர் ஃபுளோரைடே காரணம் என்பது 1931-இல்தான் தெரிந்தது. பல் முளைத்ததும் அச்செல்கள் அழிந்துவிடுவதால், எனாமல் தன்னைத்தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ள முடியாது.

கேள்வி: நீரைக் கொதிக்கவைத்தால் போதாதா?

பதில்: போதாது. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சியதில் ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். எதிர்ச்சவ்வூடு பரவல் கருவி (ஆர்.ஓ.) அதைக் குறைக்கும், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும் உண்டு. முதலில் நீரைப் பரிசோதிக்க வேண்டும். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 வரை அனுமதி. உங்கள் பகுதிக்கு ஒகேனக்கல் திட்டத்தின் காவிரி நீர் கிடைக்குமாயின், குழந்தைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் அதையே ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கள் குடிநீரில் ஃபுளோரைடு குறைவு. ஆயினும் மகனின் ஒரு கடைவாய்ப்பல் மஞ்சள் படிந்து பொடிகிறது. பிளாஸ்டிக் காரணமா?

பதில்: ஃபுளோரைடு பாதிப்பு பெரும்பாலும் இருபுறமும் சமச்சீராகத் தெரியும். ஓரிரு கடைவாய்ப்பற்களில் மட்டும் தெளிவான எல்லையுடன் திட்டு இருந்தால், அது வேறொரு கனிமக் குறைபாடாக இருக்கலாம். பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால்-ஏ கொடுக்கப்பட்ட எலிகளிடம் இதை ஒத்த பற்கள் காணப்பட்டன; அதை வைத்து உங்கள் மகனுக்கும் அதுவே காரணம் என்று நான் கூறமாட்டேன். குழந்தைப் பருவக் காய்ச்சல்கள் உட்படப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. மனிதர்களிடம் வலுவான சான்று டையாக்சின் என்ற நச்சு வேதிப்பொருளுக்கு உண்டு: இத்தாலியின் செவேசோவில் 1976-இல் ஆலை விபத்தில் அது பரவியபோது ஐந்து வயதுக்குக் குறைந்திருந்தவர்களிடமே பிற்காலத்தில் எனாமல் குறைகள் மிகுதியாகக் காணப்பட்டன. காரணம் எதுவாயினும், பொடியும் பல்லுக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு முப்பது வயது. கறையைப் போக்க முடியுமா? அதே நீரைத் தொடர்ந்து குடிக்கலாமா?

பதில்: இலேசான கறையை மேற்பரப்பைச் சற்றே தேய்த்தெடுத்தும் வெளுக்கச்செய்தும் குறைக்கலாம்; ஆழமானதற்குப் பல்நிறப் பூச்சு தேவைப்படும். முளைத்து முடிந்த பற்களில் புதிதாக ஃபுளோரைடு பாதிப்பு வராது. ஆனால் எலும்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் குடிநீர் ஃபுளோரைடால் முதுகுத்தண்டு இறுகிப்போன நோயாளிகளைப் பற்றி 1937-இலேயே மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஆகவே நீரை மாற்றுங்கள்.