எஸ்.இ.ஓ. என்றால் என்ன? தினமும் எழுதினால் வாசகர் கூடுவார்களா?

ஒருவர் கூகுளில் எதையாவது தேடும்போது உங்கள் இணையப் பக்கம் அவர் கண்ணில் படும்படி அமைத்துக்கொள்வதுதான் எஸ்.இ.ஓ.

கூகுளின் நிரல் ஒன்று இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் போய், படித்ததை ஒரு பெரிய அட்டவணையில் குறித்து வைக்கிறது. தேடுகிறவருக்குப் பதில் அந்த அட்டவணையிலிருந்துதான் வருகிறது. வத்தக்குழம்பு செய்முறை எழுதிவிட்டு 'பாட்டியின் கைமணம்' என்று தலைப்பு வைத்தால் படிக்க இனிமைதான். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனை எடுப்பவர் 'சுண்டைக்காய் வத்தக்குழம்பு செய்வது எப்படி' என்றுதானே தேடுவார்? அந்தச் சொற்கள் தலைப்பிலும் முதல் பத்தியிலும் இருக்கட்டும். பாட்டி இரண்டாம் பத்தியில் வரட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மளிகைக்கடையில் பெயர் எழுதாத டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நல்ல பெருங்காயமே இருந்தாலும், கேட்டு வந்தவர் கைக்கு அது போகாது.

சரி, தினமும் எழுத வேண்டுமா? அடிக்கடி எழுதினால் உங்கள் தளம் பதில் சொல்லும் கேள்விகள் பெருகும், வந்தவர் திரும்பி வருவார். அவ்வளவுதான் லாபம். எண்ணிக்கைக்காக அரைப்பக்கம் அரைப்பக்கமாகக் கொட்டினால் நஷ்டம்: 2011இல் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த 'பாண்டா' என்ற மாற்றம் அப்படிச் சரக்கில்லாத தளங்களைத்தான் கீழே தள்ளியது.

அப்புறம், பக்கத்தின் நிரலில் 'கீவேர்ட்ஸ்' (தேடுசொற்கள்) பட்டியல் ஒன்றை ஒளித்துவைத்தால் மேலே வரலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.