பையைக் கட்டியது யார்?

கேள்வி: எனக்கு வயது 47. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மலையேறப் போகிறோம். கொல்லிமலை, பர்வதமலை, சதுரகிரி எல்லாம் ஆயிற்று. மார்ச் கடைசியில் வெள்ளியங்கிரி போனோம். ஏழாவது மலை ஏறும்போது எனக்குத் தலை சுற்றியது. பி.பி. மாத்திரையை எங்கே வைத்தாள் என்று மனைவியிடம் கேட்கலாமென்றால் டவர் இல்லை. எப்போதும் பையை அவள்தான் கட்டித் தருவாள், எனக்கு அந்தத் தலைவலி கிடையாது. பையைக் கவிழ்த்துத் தேடினால், மாத்திரை கடலை மிட்டாய் டப்பாவுக்குள் இருக்கிறது! நண்பர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டேன். அங்கே சூரியன் உதித்தபோது கிடைத்த ஆனந்தத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை ஆனால் எல்லாம் சப்பென்று ஆகிவிடுகிறது. மனைவி வேறு, "உங்களுக்கென்னங்க, பைய மாட்டுனாக் கெளம்பிருவீங்க" என்று குத்திக்காட்டுகிறாள். வீட்டில் வயதான அம்மாவும் பத்தாவது படிக்கும் மகளும் இருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. மலையில் கிடைக்கும் சந்தோஷத்தை அன்றாட வாழ்க்கைக்கும் கொண்டுவர என்ன வழி? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: திங்கட்கிழமை கிடக்கட்டும். கடலை மிட்டாய் டப்பாவுக்கு வருவோம்.

அந்த மாத்திரை ஏன் அந்த டப்பாவுக்குள் போனது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? என் ஊகத்தைச் சொல்கிறேன். பக்க ஜிப்பில் வைத்தால் இவர் திறக்கமாட்டார், சோப்பு டப்பாவோடு வைத்தால் மறந்துவிடுவார், கடலை மிட்டாயை மட்டும் இரண்டாவது மலை முடிவதற்குள் கட்டாயம் தேடுவார் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் உங்கள் மனைவி. 20 வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவரின் கணக்கு. அன்றைக்கு நண்பர் யாரோ தேன் மிட்டாய் கொண்டுவந்து கெடுத்திருப்பார். நீங்கள் ஐந்து பேரும் அதற்குத்தான் சிரித்திருக்கிறீர்கள்.

பூண்டி அடிவாரத்தில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வனத்துறையினர் பையைத் திறந்து பார்த்துத்தானே மேலே விடுகிறார்கள்? ஆக, பைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்தவர் உங்கள் மனைவி, அடுத்தவர் வனக் காவலர். மூன்றாவதாகத்தான் நீங்கள், அதுவும் தலை சுற்றிய பிறகு.

அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே ஏறினேன் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். தலைசுற்றலுக்குப் பி.பி. மாத்திரை வைத்தியம் இல்லை, ஐயா. ராத்திரி முழுக்கத் தூங்காமல், வியர்க்க வியர்க்க, தண்ணீர் போதாமல் ஏறுகிறவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியும் இருக்கலாம். அப்போது மாத்திரை போட்டால் இன்னும் இறங்கும். பி.பி. மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூட்டி உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும் வகை. உங்களுடையது எது, மலையேறும் நாளில் எப்படிப் போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அவர் வேறு மாதிரி சொல்லாதவரை, தினம் எந்த நேரத்துக்குப் போடுவீர்களோ மலையிலும் அதே நேரம்தான்.

தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். இடம் இருந்தால் படுத்துக் காலைப் பையின்மேல் தூக்கி வையுங்கள். மடமடவென்று குடிக்காமல் வாய் வாயாகத் தண்ணீர், கூடவே கொஞ்சம் இனிப்பு. தெளிந்துவிட்டாலும் அன்றைக்கு இறங்குவதுதான் புத்தி. நெஞ்சில் பாரம், தோள்பட்டையிலோ தாடையிலோ வலி, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சு வாங்கல் என்றால் அதற்குமேல் ஓரடி ஏறக் கூடாது, தானாக நடந்து இறங்கவும் கூடாது. ஆளை அனுப்பி உதவி வரவழைத்து டோலியில்தான் இறக்க வேண்டும். 2024 சீசனில் அதே வெள்ளியங்கிரியில் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்து பலர் இறந்தார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லி அறிவிப்பது சும்மா இல்லை.

இனி அந்தப் "தலைவலி"யைப் பார்ப்போம். எனக்குக் கிடையாது என்று எழுதினீர்களே, உங்களுக்கு இல்லாத தலைவலி காற்றில் கரைந்துபோகவில்லை, அது வேறொருவர் தலையில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் பையை மாட்டுகிறீர்கள் என்றால், அதற்கான வேலை வியாழக்கிழமையே தொடங்கிவிடும். மாத்திரை அட்டையில் எத்தனை பாக்கி என்று எண்ண வேண்டும், டார்ச்சுக்குப் பேட்டரி வாங்க வேண்டும். காலுறை காயவில்லை என்றால் ஃபேனுக்கு அடியில் போட வேண்டும். புளியை ஊறவைத்து, கடலையை வறுத்து, சாதத்தை ஆறவைத்து, டப்பா மூடி சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் உங்கள் அம்மாவுக்குச் சாப்பாடு, மகளுக்குப் பரீட்சை. பத்தாவது படிக்கும் மகள், மார்ச் கடைசி வாரம்! பொதுத் தேர்வு நேரம் என்பது கணக்கு பார்க்கிறவருக்கு நாள்காட்டியில் தெரியாமல் போனதா? அதைப் பற்றி இப்போது பேசினால் வேறு மாதிரி எழுதவேண்டிவரும், விடுகிறேன்.

நண்பர்களை விடச் சொல்லவில்லை. 47 வயதில் சேர்ந்து மலையேற நாலு பேர் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அடுத்த பையை நீங்கள் கட்டுங்கள். முழுசாக, நீங்களே.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஹாலில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரியுங்கள். கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் அதன்மேல் பரப்பிவிட்டுப் பிறகு பைக்குள் போடுங்கள். நேராகப் பைக்குள் திணித்தால் எது விட்டுப்போயிற்று என்று கண்ணுக்குத் தெரியாது, ஒன்றையே இரண்டு தடவை வைத்திருப்பதும் தெரியாது. ஒரு ராத்திரி, ஒரு பகல் என்றால் 30 லிட்டர் பை தாராளம். தண்ணீரோடு சேர்த்து 7 கிலோவுக்குள் நிற்கட்டும். தண்ணீரே 3 லிட்டர், அதாவது 3 கிலோ. அது முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். கனமானதை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் முன்னுக்கு வளைவீர்கள், நாலாவது மலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. அடியில் வைத்தால் அதை எடுப்பதற்குள் மற்றதெல்லாம் நனைந்துவிடும். டார்ச் பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்க ஒரு பேட்டரியை மட்டும் திருப்பிப் போட்டு வையுங்கள். கைக்குத் தடி வேண்டுமென்பதால் தலையில் மாட்டும் டார்ச்தான் நல்லது. ஷூ புதுசாக இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு வாரம் வீதியில் நடந்து பழகியதாக இருக்க வேண்டும். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல் ஷூவின் முனையில் போய் இடித்து நகம் கறுப்பது பெரும்பாலும் நகம் நீண்டிருப்பதால்தான்.

ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட் போதும். 1 லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்குகிறார்கள், அது தப்பு. உப்பு கூடிவிடும், உங்கள் உடம்புக்கு அது ஆகவே ஆகாது.

புளிசாதத்தையும் நீங்களே செய்ய வேண்டும். ஒருவருக்கு இரண்டு வேளைக்கு 200 கிராம் அரிசி. அதற்கு ஒரு எலுமிச்சை அளவு புளி, 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், 6 காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி கடலை, கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம், மஞ்சள்தூள், உப்பு. புளிக்காய்ச்சல் கெட்டியாகி எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கொதிக்க வேண்டும், அவசரப்பட்டு இறக்கினால் தண்ணீர்ச் சத்து தங்கிச் சீக்கிரம் கெடும். சாதத்தை உதிரியாக வடித்து அகலமான தாம்பாளத்தில் பரப்பி, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி மூடியில் படிந்து, சொட்டுச் சொட்டாகச் சாதத்தில் விழுந்து, விடியற்காலையில் நசநசவென்று ஒரு வாடை வரும். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. உங்கள் மனைவி கட்டித் தந்த சாதம் இத்தனை மலைகளிலும் ஒரு தடவைகூடக் கெட்டுப்போனதாக நீங்கள் எழுதவில்லை. அது தானாக நடந்ததில்லை.

நீங்கள் பரப்பிக்கொண்டிருக்கும்போது அவர் உதவிக்கு வருவார். வேண்டாம் என்று சொல்லி, ஒரு நாற்காலியைப் போட்டு, நீங்கள் போட்ட காபியைக் கையில் கொடுங்கள். "அது விட்டுப்போச்சே" என்று அங்கிருந்தே சொல்லட்டும். கோபப்படாமல் எடுத்து வையுங்கள்.

பையைக் கட்டுவது பாதி வேலைதான், பிரிப்பது மறுபாதி. ஞாயிறு ராத்திரி திரும்பி வந்து பையை ஹால் மூலையில் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். திங்கள் காலையில் அந்தப் பையைத் திறக்கிறவர் மூக்கில் என்ன ஏறும் தெரியுமா? ஈரக் காலுறையும் புளிசாத டப்பாவும் ஒன்றாக ஒரு ராத்திரி அடைந்து கிடந்த நாற்றம். நாற்றம்கூடப் பரவாயில்லை. காட்டுப் புல்லிலும் புதரிலும் உண்ணியும் கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சிகளும் இருக்கின்றன, உட்கார்ந்த இடத்தில் துணியில் ஏறிக்கொள்ளும். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அப்படிப்பட்ட பூச்சி கடித்து வருவதுதான். ஆகவே வந்தவுடன் கட்டிலில் உட்கார வேண்டாம், பெற்ற மகளாக இருந்தாலும் அந்தத் துணியோடு கட்டிப்பிடிக்க வேண்டாம். வெளியிலேயே பையைக் கவிழ்த்து உதறி, துணியை நேராக வெந்நீரில் ஊறப்போட்டு, பிறகு குளியுங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை அழுத்தும் இடமெல்லாம் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால், மலைக்குப் போனதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். டப்பாக்களை அன்றைக்கு ராத்திரியே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை சப்பென்று இருப்பதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சனி ராத்திரி தூக்கமில்லை, ஞாயிறு உச்சி வெயிலில் இறங்குகிறீர்கள், முழங்கால் வலியோடு பஸ், திங்கள் ஒன்பது மணிக்குக் கம்பெனி. யாருக்கும் சப்பென்றுதான் இருக்கும். வெள்ளி ராத்திரி ஏறி, சனி மதியம் இறங்கி, ஞாயிறு முழுக்க வீட்டில் இருங்கள். பையை வியாழனே கட்டிவிடலாம். அந்த ஞாயிறும் காலை நீட்டி டி.வி. பார்க்க இல்லை, அம்மாவை நடக்கக் கூட்டிப்போக, மகளின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்க. பெற்றவளையும் பிள்ளையையும் ஒருத்தி தலையில் விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆனந்தம் தேடுகிறவர், கிளம்புமுன் அம்மாவின் மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்து வைத்து, சிலிண்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டாவது போக வேண்டும். இதை நான் உதவி என்று சொல்லமாட்டேன், கடமை.

மனைவியின் குத்தலுக்குப் பதிலாக "அடுத்த தடவை நீயும் வா" என்று சொல்லிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். குடும்பத்தோடு ஏற்காடு போனால் அவர் ஒரு பைக்குப் பதில் நாலு பை கட்டுவார், அவ்வளவுதான். அவருக்கும் கூடப் படித்தவர்கள் இருப்பார்கள், அக்கா தங்கை இருப்பார்கள். நீங்கள் போகும் ஒவ்வொரு தடவைக்கும் அவருக்கு இரண்டு நாள். எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்பது அவர் இஷ்டம். அந்த இரண்டு நாளும் அடுப்பு உங்களுடையது. குழம்புப் பொடி எந்த டப்பாவில் என்று போன் போட்டுக் கேட்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்யுங்கள். உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் உங்கள் பெயர், வயது, ரத்த வகை, மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இத்தனையும் எழுதுங்கள். நனையாத உறையில் போட்டு மாத்திரையோடு சட்டைப் பையில் ஒன்று, கூட வரும் நண்பர் ஒருவரிடம் இன்னொன்று. பைக்குள் வேண்டாம், பை ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் கிடக்க நேரலாம். அட்டையின் அடியில் உங்கள் மனைவியின் கைபேசி எண்ணை எழுதுங்கள். போனைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.