வாசகர் கேள்வி பதில்: காய்ந்த பூவும் கத்தரித்த காகிதமும்

கேள்வி: பள்ளியில் படம் வரைந்ததோடு சரி, அறுபதைத் தாண்டிவிட்டேன். பூ, இலை வைத்து ஏதாவது செய்ய ஆசை. ஆனால் கற்பனை வரமாட்டேன் என்கிறது. இனிமேல் தொடங்கலாமா?

பதில்: தாராளமாக. இங்கிலாந்தில் மேரி டிலானி என்று ஒருவர் இருந்தார், 1700-இல் பிறந்தவர். எழுபது வயதைக் கடந்தபின் ஒருநாள், ஜெரேனியப் பூவின் இதழும் பக்கத்தில் கிடந்த சிவப்புக் காகிதமும் ஒரே நிறமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக் காகிதத்தில் இதழ்களை வெட்ட ஆரம்பித்தார். கண்பார்வை மங்கும்வரை சுமார் பத்தாண்டுகள் விடவே இல்லை. கறுப்புப் பின்னணியில் வெட்டி ஒட்டிய 985 பூக்கள், சிலவற்றில் நிஜ இலையையே சேர்த்திருக்கிறார், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இதில் கற்பனை எங்கே வந்தது? எதிரில் இருந்த பூவை உற்றுப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, இதைக் கேட்டு ஏதோ அதிசயம் என்று நினைத்துவிட வேண்டாம். பூத்தையல், சிப்பி வேலை, ஓவியம் என்று அதற்கு முன்பே வாழ்நாள் முழுக்கக் கை பழகியவர் அவர். உங்கள் கைக்கும் ஏதாவது தெரிந்திருக்கும், தையலோ முடைவதோ மரவேலையோ. அதிலிருந்தே தொடங்குங்கள், புதிதாகத் தூரிகை பிடித்துத் திணற வேண்டாம்.

கேள்வி: முக்கியமான ஒரு நாளின் நினைவாகச் சில பூக்களைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்து, சட்டம் போட்டு மாட்டினேன். சில மாதங்களிலேயே பழுப்பாகிவிட்டன. என்ன தவறு?

பதில்: ஒன்று ஈரம், இன்னொன்று வெளிச்சம். பூ மெதுவாகக் காய்ந்தால் பழுப்பாகும். அதனால் மை ஒற்றும் தாளுக்கு நடுவே வைத்து, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். தடித்த பூவென்றால் இதழ்களைப் பிரித்துத் தனித்தனியாகக் காயவையுங்கள். அப்புறம் வெளிச்சம். இலையின் பச்சையும் இதழின் சிவப்பு, ஊதா நிறங்களும் வெளிச்சம் பட்டால் சிதையும், மஞ்சள் பெரும்பாலும் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். வெயில் விழாத சுவரில் மாட்டினால் தாமதமாகும், நிற்காது.

நிறம்தான் போகும் என்றால் உருவத்தைப் பிடித்துவைக்கலாமே? என் ஓட்டு சயனோடைப்புக்கு, அதாவது வெயிலைக்கொண்டு தாளில் நீலநிறப் படம் எடுப்பதற்கு. ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. மறு ஆண்டே தாவரவியலில் ஈடுபாடு கொண்ட அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதிவுசெய்து புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல் இலையை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், நீலத்தில் வெள்ளையாக இலையின் உருவம் நிற்கும். பூசிய தாளே கைவினைக் கடைகளில் கிடைக்கிறது. இந்த நீலமும் கடும் வெளிச்சத்தில் மங்கும், ஆனால் கொஞ்ச நாள் இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பிவிடும்! காய்ந்த பூவுக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி: பார்த்து வரைவதா, நினைவிலிருந்து வரைவதா?

பதில்: பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து வரையுங்கள், அப்புறம் மறுபடி போய்ப் பாருங்கள். சிற்பி ரோடினுக்குக் கற்பித்த லெகோக் த புவாபோத்ரான் பாரிஸில் மாணவர்களுக்கு நினைவிலிருந்து வரையத்தான் பயிற்சி கொடுத்தார். எதை விட்டுவிட்டீர்கள் என்று இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரியும், பெரும்பாலும் காம்பு தண்டோடு சேரும் இடமாக இருக்கும்.