இலவச நிகழ்ச்சிக்கு மானியம்: கலைஞர் சம்பளத்தை எங்கே எழுதுவது?

வணக்கம் ஐயா,

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பத்துப் பேர் கொண்ட உறுமி மேளக் குழு எங்களுடையது. மனைவி கோலம் போடுவதில் கைதேர்ந்தவர். எங்கள் பிளாட் பிள்ளைகளுக்காக ஒருநாள் இலவசமாக மேளமும் கோலமும் வைக்க வேண்டும் என்று ஆசை. கலை மானியம் ஒன்றுக்கு 12,000 வெள்ளி கேட்டு கெர்தாஸ் கெர்ஜா (திட்ட விண்ணப்பம்) அனுப்பினோம். "சமூகப் பயன் தெளிவாக இல்லை" என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். இலவச நிகழ்ச்சிதானே என்று எங்கள் பையன்களுக்குச் சம்பளமே போடவில்லை. அதற்கு மேல் என்ன பயன் காட்டுவது? விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். அடுத்த சுற்றுக்கு எப்படித் திருத்துவது? என் மனைவிக்குச் சம்பளம் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

க., செந்தூல்

அன்புள்ள க.,

விண்ணப்பத்தை முழுக்கப் படித்தேன். முதல் மூன்று பக்கங்களும் உறுமியின் தொன்மை, தமிழரின் பெருமை, அழிந்துவரும் கலை. நான்காம் பக்கத்தில்தான் செந்தூல் என்ற பெயரே வருகிறது, அதுவும் முகவரியில். பிறகு கணக்கு. மேடையும் எல்இடி திரையும் 5,500 வெள்ளி, பிரமுகர் கூடாரமும் தேநீரும் 2,200, பரிசுப் பை 1,800, பேனர் 1,500, "இதர செலவு" 1,000. வாசிக்கிற பத்துப் பேருக்கும் கோலம் கற்றுத்தருபவருக்கும் ஒரு காசு இல்லை.

தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர் இதை எப்படிப் படிப்பார் என்று பாருங்கள். பணம் மேடை வாடகைக்காரருக்கும் பேனர் கடைக்கும் போகிறது. செந்தூலில் தங்குவது எது? சம்பளம் வாங்காததைத் தியாகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் கண்ணில் அது திட்டமிடாத நிகழ்ச்சியாகப் படுகிறது. சம்பளம் இல்லாத பத்துப் பேரில் மூன்று பேருக்கு அன்றைக்கே ஒரு கல்யாண வாசிப்பு வந்தால் என்ன ஆகும்? குழு ஏழு பேராகிவிடும். அந்த ஆபத்து அவருக்குத் தெரியும். இலவசம் பார்க்க வருகிறவர்களுக்குத்தான். மானியம் என்பதே அந்த இலவசத்தின் விலையை வேறொருவர் கொடுப்பது. ஆகவே கணக்கின் முதல் வரியில் கலைஞர் சம்பளம் இருக்கட்டும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வட்டாரத்துக் கொட்டேஷன்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். உறுமிக் குழு பத்துப் பேருக்கு நிகழ்ச்சிக்குத் தலா 250, இரண்டு ஒத்திகைக்கு ஒவ்வொன்றுக்கும் தலா 50. மொத்தம் 3,500. கோலம் கற்றுத்தரும் இருவருக்குத் தலா 300, உதவியாளர் நால்வருக்குத் தலா 80. அது 920. ஒருங்கிணைப்பாளருக்கு 1,000. ஒலிக்கு 1,200. இரண்டு கெனோபியும் நூறு நாற்காலியும் 650. கோலச் சாமான் 400, காப்புறுதி 500, சுவரொட்டி 350, படமும் காணொளியும் 700, முதலுதவியும் துப்புரவும் 450, மண்டபக் கட்டணமும் பாட்டு உரிமையும் 400. இதுவரை 10,070. எதிர்பாராத செலவுக்கு ஏறக்குறைய 7 விழுக்காடாக 700. ஆக 10,770. நீங்கள் கேட்டதைவிட 1,230 வெள்ளி குறைவு. பத்தில் நான்கு பங்கு நேரே கலைஞர் கைக்குப் போகிறது. "இதர செலவு" என்ற வரியை அடியோடு எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு சொல்லைப் பார்த்தாலே கணக்காளருக்குச் சந்தேகம் வரும். மண்டபத்துக்குக் கட்டும் டெப்பாசிட்டையும் செலவில் எழுதாதீர்கள். அது திரும்ப வரும் பணம்.

எல்இடி திரை எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. உறுமியும் தப்பு என்ற பறையும் வாசிக்கிற பத்துப் பேர் நிற்கிற இடத்தில் ஒலியைப் பெருக்க வேண்டியதே இல்லை. அறிவிப்புக்கும் கோலப் பயிற்சிக்கும் இரண்டு மைக், தாங்கியில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்ஸர், ஓர் ஆள் போதும். மண்டபத்துச் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். இந்த ஒலிக்கு அது தாராளம். ஆனால் அதே சர்க்யூட்டில் யாராவது தேநீருக்கு வெந்நீர்ப் பாய்லரைச் சொருகினால் சுவிட்ச் விழும், மைக் அணையும். பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். பாய்லருக்கு வேறு சர்க்யூட் எது என்று முதல்நாளே பார்த்து, பிளக்கின் மேல் டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

இப்போது "சமூகப் பயன்". பெருமையை ஒரு பத்தியில் முடித்துவிட்டு இடத்தை எழுதுங்கள். எந்த பிளாக், எத்தனை வீடு, பிள்ளைகள் மாலையில் எங்கே கூடுகிறார்கள், கீழ்த்தளக் கூடம் எத்தனை அடிக்கு எத்தனை அடி, சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) எந்தப் பக்கம், லிஃப்ட் எத்தனை வேலை செய்கிறது. மேல் மாடியிலிருந்து இறங்க முடியாத முதியவர்களுக்கு லிஃப்ட்தான் நுழைவுச்சீட்டு. பிறகு என்ன நடக்கும் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்: நாற்பது பிள்ளைகள், ஐந்து பேருக்கு ஒரு கோலம், எட்டுக் கோலம், பிறகு அரை மணி நேரம் பிள்ளைகள் உறுமியைத் தொட்டு, தேய்த்து, அடித்துப் பார்ப்பது, அதன்பின் குழுவின் வாசிப்பு. மலாய், சீனப் பிள்ளைகளும் வருவார்கள் என்று வெறுமனே எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். மும்மொழிச் சுவரொட்டி, அக்கம்பக்கத்தார் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவின் ஒத்துழைப்புக் கடிதம் இரண்டையும் இணைத்தால் நம்புவார்கள்.

கோலத்துக்குச் சாமான் எவ்வளவு என்று உங்கள் மனைவிக்குத் தெரியும். விண்ணப்பத்தில் அது தெரிய வேண்டும். 3 அடி விட்ட வட்டத்துக்கு வண்ண அரிசி ஏறக்குறைய 2 கிலோ. எட்டுக்கு 16. பெரியவர்கள் போடும் 6 அடி வட்டத்துக்கு 8. ஆக 25 கிலோ நொய்யரிசி ஒரு மூட்டை. 4க்கு 8 அடி பிளைவுட் பலகையில் இரண்டு சிறு வட்டம் அமரும். எட்டுச் சிறு வட்டத்துக்கு நான்கு பலகை போதும். பலகையில் போட்டால் மழை வந்தாலும் தூக்கி உள்ளே வைக்கலாம், டைல்ஸ் தரையில் அரிசி சிதறி யாரும் வழுக்கி விழவும் மாட்டார்கள். நிறத்தைக் குறைந்த தண்ணீரில் கரைத்துப் பிசறி நிழலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் கட்டிபிடித்து மறுநாள் புளித்த வாடை அடிக்கும். நிகழ்ச்சி முடிந்த அன்றே அரிசியைக் கூட்டி எடுத்துவிடுவோம் என்று ஒரு வரி சேருங்கள். எலித்தொல்லைக்குப் பயப்படாத பிளாட் நிர்வாகம் இல்லை.

நேரம் குறிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் "மாலை 6 முதல் இரவு 10 வரை" என்று போட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் மஃரிப் தொழுகை ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7.35க்கும் இடையே வரும், இஷா 8.10க்கும் 8.45க்கும் இடையே. உங்கள் நிகழ்ச்சியின் நடுவில் இரண்டு பாங்கு. சூராவ் பக்கத்தில் இருக்கும் பிளாட்டில் ஒவ்வொரு முறையும் மேளத்தை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினால் கூட்டம் கலைந்துவிடும். 4 மணிக்குக் கோலம், 5.15க்குப் பிள்ளைகள் உறுமி தொடுவது, 5.45 முதல் 6.40 வரை மேளம், அத்தோடு முடிவு. மாலை இடிமழை பெய்யும் நேரம் இதுதான் என்பதால் திடலை விட்டுக் கூரையுள்ள இடத்தைப் பிடியுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் கட்டாயம். நோன்பு மாதமும், உங்கள் பையன்களே கிடைக்காத தைப்பூச வாரமும் வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உங்கள் குழுவில் தோல் தப்பு இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது. வாசிப்பதற்கு முன் காய்ச்ச வேண்டும். அதற்கு நெருப்பு எங்கே மூட்டுவீர்கள்? பாதுகாப்புப் பகுதியில் ஒரு வார்த்தை இல்லை. பார்வையாளர் வழியிலிருந்து விலகிய திறந்த இடம், இரும்புச் சட்டி, பக்கத்தில் மணல் வாளி, ஒரு தீயணைப்பான், பொறுப்பாக ஓர் ஆள் என்று எழுதி நிர்வாகத்தின் ஒப்புதலையும் வாங்குங்கள். கீழ்த்தளக் கூடத்துக்குள்ளோ மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலோ வேண்டவே வேண்டாம். நிர்வாகம் மறுத்தால் அன்றைக்கு மட்டும் செயற்கைத் தோல் போட்ட தப்பு. ஒலி கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

அனுமதிக்கு வருகிறேன். அடுக்குமாடியின் பொது இடம் 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) அல்லது எம்சி (நிர்வாகக் கழகம்) கையில் இருக்கும். மாநகர் மன்றத்தின் குடியிருப்பு என்றால் மாநகர் மன்றத்திடமே கேட்க வேண்டும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தில் பொதுக் கேளிக்கைக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சிக்கு அந்த உரிமம் வேண்டுமா என்று மாநகர் மன்ற உரிமப் பிரிவில் எழுத்தில் கேட்டு, பதிலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம். உறுமியில் சினிமாப் பாட்டு மெட்டு வாசிப்பீர்கள், தெரிந்ததுதான். கட்டணம் வாங்காததால் பாட்டு உரிமை தானாக விலகிவிடாது. பாடல் பட்டியலோடு, இசைப் படைப்பாளர்களின் உரிமையைக் கவனிக்கும் எம்ஏசிபியிடம் கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பறைக் கலைஞரை அழைக்கும் யோசனையை இந்தச் சுற்றில் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கலைஞர் என்றால் அதற்கான அரசுக் குழுவான புஸ்பாலின் ஒப்புதல், விசா என்று வேலை இரட்டிப்பாகும்.

எங்கே கேட்பது? நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் கதவையே தட்டுகிறோம். கலைக்கென்றே வேறு கதவுகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு கேள்வியோடு நிற்கிறது. திங்க் சிட்டி 2009இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் மானியத் திட்டத்தை நடத்தத் தொடங்கப்பட்டது. நகரத்தின் ஓர் இடம் எப்படி உயிர்பெறும் என்பதே அதன் கண். 2017இல் வந்த செண்டானா கலைத்துறையைப் பொருளாதாரமாகப் பார்ப்பது; அங்கே கலைஞருக்குச் சம்பளம் இல்லாத கணக்கைக் காட்டினால் எடுபடாது. ஹசானா அறவாரியத்தின் கலை மானியமான ஆர்ட்ஸ்ஃபாஸ் பாரம்பரியக் கலைகளுக்கும் இடம் தருவது. தேசியக் கலை பண்பாட்டுத் துறையான ஜேகேகேஎன்னும் மாநகர் மன்றமும் தனி. மானியச் சுற்று எப்போதும் திறந்திருக்காது. திறக்கும்போது வெளியிடும் வழிகாட்டியை முதலில் படித்து, அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்குப் பதில் சொல்லும்படி உங்கள் பத்திகளை அமையுங்கள். ஒரே கெர்தாஸ் கெர்ஜாவை ஐந்து இடத்துக்கு அனுப்பினால் ஐந்திலும் தெரிந்துவிடும்.

பணம் எப்படி வரும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். பல மானியங்கள் தவணையில்தான் வரும், கடைசித் தவணை அறிக்கைக்குப் பிறகு. 50, 40, 10 என்று பிரித்தால் உங்கள் 10,770இல் கடைசி 1,077 வெள்ளி நிகழ்ச்சி முடிந்து பல வாரம் கழித்து வரலாம். அதுவரை அதை யார் தாங்குவது? ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தைக் கடைசித் தவணையில் வைத்துவிடுங்கள், பையன்களின் சம்பளத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள்; ஆர்வத்தில் முன்கூட்டியே பேனர் அடித்துவிட வேண்டாம். உங்கள் குழு சங்கப் பதிவிலாகாவிலும் பதிவில்லை, நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம்மிலும் பதிவில்லை. ஒன்று, தனிநபர் விண்ணப்பத்தை ஏற்கும் மானியமாகப் பாருங்கள்; அல்லது வங்கிக் கணக்குள்ள பதிவுபெற்ற உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் பெயரில் போங்கள். இரண்டாவது வழியில் பணத்தை எத்தனை நாளில் உங்களுக்கு மாற்ற வேண்டும் என்பதை ஒரு பக்க உடன்பாடாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் தொடங்காதீர்கள். சங்கங்களில் சண்டை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வவுச்சர்: பெயர், அடையாள அட்டை எண், தேதி, வேலை, தொகை, கையெழுத்து. வங்கி மாற்றம் இன்னும் நல்லது. கடை ரசீதுகளை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். சூட்டில் அச்சாகும் தாள் காரின் முன்பெட்டியில் ஒரு மாதம் கிடந்தால் படிக்க முடியாமல் போகலாம். வந்தவர்களை எண்ண நுழைவாயிலில் ஒருவரிடம் கையெண்ணியைக் கொடுங்கள். 180 பேர் வந்தால் 180 என்றே எழுதுங்கள். நூறு நாற்காலி போட்ட படத்தோடு "ஆயிரம் பேர் திரண்டனர்" என்று எழுதினால் அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவார்கள். பிரமுகர் கூடாரம் வேண்டாம். தொகுதி அலுவலகத்திலிருந்து வருகிறவர் பிள்ளைகளோடு நாற்காலியில் உட்காரட்டும். கட்சிப் பேனரை மானிய நிபந்தனையே தடுக்கக்கூடும், ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவிக்குச் சம்பளம் தாராளமாகப் போடலாம். கோலம் கற்றுத்தருவது வேலைதானே. மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். விண்ணப்பத்திலேயே "கோலப் பயிற்றுநர் விண்ணப்பதாரரின் மனைவி" என்று சொல்லி, அவருடைய முந்தைய கோலங்களின் படங்களை இணையுங்கள். இன்னொரு பயிற்றுநருக்கும் அதே 300 வெள்ளி என்பதால் விலை நியாயம் என்று தெரியும். மனைவியின் வவுச்சரில் பணம் கொடுத்தவர் இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாமல், குழுவின் பொருளாளரையோ சங்கத்தின் பொருளாளரையோ போடச் சொல்லுங்கள்.