சூரியக்கல ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டம் எடுத்தால் கம்பஸ் வேலை மட்டும்தானா?

தங்கச்சி, மென்படலச் சூரியக்கலத்தில் (மிக மெல்லிய படலங்களால் ஆன சோலார் கலம்) கலாநிதிப் பட்டம் முடியப்போகிறது, யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளர் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், கம்பஸை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒரு துறையில் வெற்றிடம் எப்போது வரும் என்று சாத்திரியாரும் சொல்லமாட்டார்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தையும் பாருங்கள். கண்டியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் சாயமேற்றிய சூரியக்கல (ஒளியைச் சாயத்தால் உறிஞ்சும் கலம்) ஆராய்ச்சி பல வருடங்களாக நடந்திருக்கிறது, ஹோமாகமையில் நனோ தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது.

ஆனால் முக்கியமான விஷயம் வேறு. உங்கள் தலைப்பை யாரும் வாங்கப்போவதில்லை, கைத்திறனைத்தான் வாங்குவார்கள். காற்றை அகற்றிய அறையில் படலம் படியவைப்பது, எக்ஸ்ஆர்டி (பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) வரைபை வாசிப்பது, மின்னோட்ட-மின்னழுத்த வளையியை அளப்பது, அளந்த தரவைப் பைத்தான் நிரல்மொழியில் அலசுவது, இதெல்லாம் தாய்வானிலும் நெதர்லாந்திலும் சிப் தொழிலில் இருப்பவர்களுக்கு அன்றாட வேலை, அதனால் சீவியில் பட்டத்துக்கு முன்னால் இவற்றைப் போடுங்கள். தரவு அறிவியலுக்கும் இதே பைத்தான் உதவும், ஆய்வேட்டுக்கு எழுதிய நிரலைச் சுத்தமாக்கி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.

கூரையில் சோலார் பூட்டும் கம்பனிகளா? அங்கே தேடுவது மின்பொறியியல் தெரிந்தவரை, உங்கள் கலத்தின் வினைத்திறனை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்புறம் மருத்துவப் பௌதிகம் (கதிர்ச் சிகிச்சை போன்றவற்றில் பௌதிகத்தைப் பயன்படுத்தும் துறை): தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறதே என்று உடனே விண்ணப்பிக்க முடியாது, அதற்குப் பொதுவாகத் தனியான படிப்பும் வைத்தியசாலைப் பயிற்சியும் எதிர்பார்ப்பார்கள்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை (போஸ்ட்டொக்) பெரும்பாலும் ஒன்றிரண்டு வருட ஒப்பந்தம்தான். அப்படி ஒன்றிரண்டு ஒப்பந்தம் செய்யலாம், மூன்றாவதுக்குப் போகுமுன் வீட்டில் கதையுங்கள்.