எட்டு மணி நேரத்தில் ஒரு தீவு: கரீபியன் கப்பல் பயணக் கேள்விகள்

கரைச் சுற்றுலா டிக்கெட் விற்கும் கப்பல் கவுண்டரில் ஆறு வருடம் நின்றவன் நான். 'இந்தத் தீவில் என்ன பார்க்கலாம்?' என்று கேட்காதவர்கள் இல்லை. 'இந்தத் தீவில் எனக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது?' என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து அந்த இரண்டாவது கேள்வியிடம்தான் போய் நிற்கின்றன.

பிப்ரவரியில் கால்வெஸ்டனிலிருந்து கிளம்புகிறோம். கோசுமெலில் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கிறது. துலும் மாயன் கோட்டையைப் பார்க்கக் கப்பலில் கேட்கும் பணத்தில் பாதிக்கு வெளியே ஆள் கிடைக்கிறது. நாமே போய் வந்துவிடலாமா? (டாலஸ் வாசகர்)

முதலில் நேரத்தைக் கழித்துப் பார்ப்போம். 8 மணிக்குக் கப்பலைக் கட்டினாலும் வரிசையில் நின்று இறங்க எட்டரை ஆகிவிடும். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலில் நாலரைக்குள் ஏறியாக வேண்டும். மிச்சம் எட்டு மணி நேரம்.

துலும் கோசுமெல் தீவிலேயே இல்லை. எதிரே, மெக்சிகோ பெருநிலத்தில் இருக்கிறது. கப்பல் பெரும்பாலும் ஊருக்குத் தெற்கே உள்ள துறையில் நிற்கும்; ஃபெர்ரியோ ஊருக்குள்ளிருந்து புறப்படும். ஆகவே ஒரு டாக்ஸி, ஃபெர்ரிக்காகக் காத்திருப்பு, ப்ளாயா தெல் கார்மனுக்கு முக்கால் மணி நேரக் கடல், அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் சாலை. போக இரண்டரை மணி, திரும்ப இரண்டரை மணி. கைக்காவலாக ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைத்தால் துலுமில் நிற்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம், அதுவும் உச்சி வெயிலில். குளிர்காலத்தில் வடகாற்று பலமாக அடித்தால் ஃபெர்ரியை நிறுத்தியும் விடுவார்கள்.

கப்பல் நிறுவனத்தின் டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் தங்கள் செலவில் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்குத்தான். வழிகாட்டி ஒன்றும் அதிகமாகக் கதை சொல்லப்போவதில்லை. அதனால் என் கணக்கு எளிது. உங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் கடலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையோ இருந்தால் கப்பல் டூர். டாக்ஸியில் அரை மணியில் திரும்பிவிடலாம் என்றால் தாராளமாக நீங்களே போங்கள்.

துலுமுக்குப் போவதாக இருந்தால் கப்பலிலேயே வாங்குங்கள். ஆனால் என்னைக் கேட்டால், கோசுமெலில் நின்றுகொண்டு துலுமை நினைப்பதே வீண். தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. இஷ்செல் என்ற மாயன் பெண் தெய்வத்துக்குப் பெண்கள் கடல் கடந்து யாத்திரை வந்த இடம். துலும் அளவுக்குப் பிரமாண்டம் கிடையாது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, மதியம் பலன்கார் பவளப்பாறைப் பக்கம் படகில் போய் மீன் பார்க்கலாம். கோசுமெலுக்கு ஆட்கள் வருவதே அந்தப் பவளப்பாறைக்காகத்தான்.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. அம்மாவுக்கு முழங்கால் வலி. கிராண்ட் கேமன், பெலீஸ் இரண்டும் வரும் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோம். சமாளிப்பார்களா?

பணம் கட்டுமுன் கேட்டிருக்கலாம். கிராண்ட் கேமனிலும் பெலீஸ் சிட்டியிலும் பெரிய கப்பல்கள் கரையில் கட்டுவதில்லை. கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். டெண்டர் என்பார்கள். அலையில் ஆடும் படகுக்குள் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த ஓர் அடிதான் சிக்கல். சக்கர நாற்காலி என்றால், கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் ஏற்ற மாட்டேன் என்பார்கள். பெலீஸில் ஆழம் குறைவு என்பதால் கப்பல் கரையிலிருந்து பல மைல் தள்ளி நிற்கும். படகிலேயே நேரம் போய்விடும். கேமனில் துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கேமனில் காலையில் இறங்கும் முதல் கூட்டம் ஓய்ந்ததும் பத்து, பத்தரைக்கு மேல் படகேறச் சொல்லுங்கள். ஊழியர்கள் இருபுறமும் கை பிடித்து இறக்குவார்கள். ஏழு மைல் கடற்கரைக்கு டாக்ஸி, நிழலில் ஒரு நாற்காலி, அவ்வளவு போதும். (பெயர்தான் ஏழு மைல். அளந்தால் ஆறுகூடத் தேறாது.) பெலீஸில் அவர்கள் கப்பலிலேயே இருக்கட்டும். அடுத்த முறை குராசாவ் வரும் பயணமாகப் பாருங்கள். வில்லெம்ஸ்டாட் ஊர் கப்பலுக்குப் பக்கத்திலேயே, சமதரையில் இருக்கிறது. கப்பல்கள் போக வழிவிட்டு மொத்தமாக ஒதுங்கும் மிதவைப் பாலம் ஒன்று 1888 முதல் அங்கே உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தே பொழுதைக் கழிக்கலாம்.

துறைமுக நாளில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தால் பணம் வீண் இல்லையா?

இல்லை. நீச்சல் குளம் காலியாக இருக்கும் ஒரே நாள் அதுதான்.

போன வருடம் ஜூலையில் மயாமியிலிருந்து போனோம். கோசுமெலில் ஒரு குடும்பம் கப்பலைத் தவறவிட்டதைக் கண்ணால் பார்த்தோம். கையில் போன் வைத்துக்கொண்டு எப்படித் தவறவிடுகிறார்கள்?

அந்தப் போனால்தான். கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தில் வருடம் முழுக்க ஒரே நேரம். கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. மயாமியில் உண்டு. ஆகவே ஜூலையில் மயாமி நேரப்படி 5 மணி என்றால் கோசுமெலில் 4. பல கப்பல்கள் புறப்பட்ட ஊரின் நேரத்தையே வைத்துக்கொள்ளும். கரையில் சிக்னல் கிடைத்ததும் போன் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கடையில் பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள்.

கப்பலை விட்டு இறங்கும்போது வாசலில் இருக்கும் பலகையில் ஏற வேண்டிய நேரம் எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுங்கள், பக்கத்தில் இருக்கும் கப்பல் கடிகாரத்தோடு சேர்த்து. கையில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தூரமாகப் போகும் நாளில் நான் கையோடு எடுத்துப் போவேன். கப்பல் போய்விட்டால் விமானம் ஏற அது வேண்டும்.

நானும் தம்பியும் கிரிக்கெட் பைத்தியங்கள். தெற்குக் கரீபியன் பயணம், ஆன்டிகுவாவும் பார்படோஸும் வருகின்றன. மனைவிமார் கடற்கரை என்கிறார்கள். யார் பக்கம் தீர்ப்பு?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிகுவாவில் கப்பல் செயின்ட் ஜான்ஸ் ஊர் வாசலிலேயே நிற்கும். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் பழைய ரிக்ரியேஷன் கிரவுண்ட். லாரா 1994-இல் 375, 2004-இல் 400 அடித்தது இரண்டும் இந்த ஒரே மைதானத்தில். ரிச்சர்ட்ஸ் 1986-இல் 56 பந்தில் சதம் அடித்ததும் இங்கேதான். அதெல்லாம் இருக்கட்டும். 2002-இல் உடைந்த தாடையோடு, முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு கும்ப்ளே வந்து பந்து வீசி லாராவை எல்பிடபிள்யூ ஆக்கினாரே, அந்த இடம் இது. இப்போது பெரிய ஆட்டங்கள் 2007-இல் கட்டிய ரிச்சர்ட்ஸ் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. பழைய மைதானம் கொஞ்சம் களையிழந்துதான் இருக்கிறது. புது ஸ்டேடியத்தைத் தேடி டாக்ஸிக்குச் செலவழிக்காதீர்கள்.

பார்படோஸில் கென்சிங்டன் ஓவலும் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கம்தான். 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று டி20 உலகக் கோப்பையை இந்தியா தூக்கிய மைதானம். எல்லைக்கோட்டில் சூர்யகுமார் அந்தக் கேட்ச் பிடித்தது எந்த மூலை என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டமில்லாத நாளில் உள்ளே விடுவார்களா என்பது அன்றைய காவலாளியின் கையில் இருக்கிறது. மரியாதையாகப் பேசினால் பல கதவுகள் திறக்கும்.

தீர்ப்பு: இரண்டு இடத்திலும் காலை ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு. பிறகு பார்படோஸில் கார்லைல் பே. டாக்ஸியில் சிறிது தூரம்தான், அலை அதிகம் இருக்காது, ஆமைகளும் தென்படும். மனைவிமார் சண்டைக்கு வர மாட்டார்கள்.

குவாதலூப்பில் தமிழ்க் கோயில் இருக்கிறதாமே, உண்மையா? கப்பலிலிருந்து போய் வர முடியுமா?

உண்மை. பாயின்ட்-ஆ-பித்ர் துறைமுகத்தில் கப்பல் ஊரையொட்டியே நிற்கும். அங்கிருந்து தெற்கே கபெஸ்டெர் என்ற ஊருக்கருகே, பிரதான சாலையிலேயே சாங்கி கோயில். காரில் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் வண்ணங்களைப் பார்த்தால் கும்பகோணம் பக்கம் பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கும்.

அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்கால், புதுச்சேரி போன்ற துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக 40,000-க்கும் மேற்பட்டோரைக் குவாதலூப்புக்குக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பல் 1854 கிறிஸ்துமஸை ஒட்டி வந்து சேர்ந்தது. அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். பேச்சுத்தமிழ் போய்விட்டது, வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோலும் பிரெஞ்சும்தான். ஆனால் மாரியம்மனை 'மாலியெமென்' என்று இன்னமும் கும்பிடுகிறார்கள், ஆடு வெட்டிப் படைக்கிறார்கள், சடங்கில் பாடும் பாட்டில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைப் பலகைகளில் முத்துசாமியும் ராமசாமியும் பிரெஞ்சு எழுத்தில் எட்டிப் பார்ப்பார்கள். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வேண்டும் என்று இருபது வருடம் வழக்காடிய ஹென்றி சிதாம்பரோம் இந்த ஊர்க்காரர்தான். சிதம்பரம் என்ற பெயர் அப்படி ஆகிவிட்டது.

டாக்ஸி பேசும்போது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே பேசி, தொகையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஆங்கிலம் எல்லா ஓட்டுநருக்கும் வராது. கோயில் மூடியிருந்தாலும் வெளியிலிருந்து பார்த்த திருப்தி உண்டு. திரும்பி வந்து சந்தையில் 'கொலம்போ' பொடி வாங்குங்கள். மல்லி, மஞ்சள், சீரகம் என்று நம் குழம்புப் பொடியின் தூரத்துச் சொந்தம் அது. ஒன்றை மறக்காதீர்கள்: இது பிரெஞ்சு மண். இந்திய பாஸ்போர்ட் என்றால், அமெரிக்க விசா இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல் டிக்கெட் போடும் முன்பே கப்பல் நிறுவனத்திடம் கேளுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. திருக்கை மீன்களைத் தொட்டுப் பார்க்கும் டூருக்குப் போகலாமா?

போகலாம். கிராண்ட் கேமனின் வடக்குக் கடற்காயலில் மணல்திட்டு அது. தண்ணீர் இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு. முன்பு மீனவர்கள் அலையில்லாத அந்த இடத்தில் வந்து மீன் சுத்தம் செய்து கழிவைக் கொட்டுவார்கள். அதைத் தின்ன வந்த திருக்கைகள் அங்கேயே தங்கிவிட்டன. வாலில் முள் இருக்கத்தான் செய்கிறது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மிதித்துவிட மாட்டீர்கள். லைஃப் ஜாக்கெட் கேட்க வெட்கப்படாதீர்கள்.

செயின்ட் மார்டினில் தலைக்கு மேல் விமானம் இறங்கும் மாஹோ கடற்கரைக்கு எப்போது போவது?

பெரிய விமானங்கள் பெரும்பாலும் மதியத்தில் வரும். சாலை நெரிசலும் அதே நேரத்தில்தான். 11 மணிக்குப் போய் உட்கார்ந்து, 2 மணிக்கெல்லாம் கப்பல் நிற்கும் பிலிப்ஸ்பர்க் பக்கம் திரும்பிவிடுங்கள். விமானம் இறங்குவதைப் பாருங்கள்; கிளம்பும் விமானத்தின் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் சேராதீர்கள். 2017-இல் அந்தக் காற்று தள்ளி ஒரு பெண்மணி இறந்திருக்கிறார்.

சுத்த சைவம். கரையில் என்ன சாப்பிடுவது?

ஜமைக்காவில் 'ஐட்டல்' என்று எழுதிய கடையைத் தேடுங்கள். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தாஃபாரி சமயத்தாரின் சாப்பாடு; காய், பயறு, தேங்காய்ப்பால். உப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், கையில் ஊறுகாய் பாக்கெட் இருந்தால் நல்லது. பார்படோஸில் ரொட்டிக் கடைகளில் உருளைக்கிழங்கு போட்டது கிடைக்கும். மெக்சிகோவில்தான் எச்சரிக்கை வேண்டும்: பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'சின் மான்தேகா' என்று கேளுங்கள், கொழுப்பில்லாமல் என்று அர்த்தம். கப்பலிலிருந்து வாழைப்பழம், ஆப்பிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பல துறைகளில் பிடுங்கிவிடுவார்கள். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டுக்குத் தடையில்லை.

வெளி ஆளிடம் டூருக்குப் பணம் கட்டிய பிறகு கப்பல் அந்தத் தீவுக்கே போகாவிட்டால்?

நடக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். மற்ற மாதங்களிலும் காற்றுக்காகத் துறையைத் தாண்டிப் போய்விடுவார்கள். டெண்டர் படகில் இறக்கும் இடங்களுக்கு அந்த ஆபத்து அதிகம். கப்பல் டூர் என்றால் பணம் தானாகத் திரும்பும். வெளியே கட்டும்போது 'கப்பல் வராவிட்டால் முழுப்பணம்' என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பையனுக்கு ராணுவ டிசைனில் அரைக்கால் சட்டையும் தொப்பியும் வாங்கியிருக்கிறோம். வேறு என்ன எடுத்துப் போகலாம்?

அந்த இரண்டையும் முதலில் பெட்டியிலிருந்து எடுங்கள். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் ராணுவத்தைத் தவிர வேறு யாரும் அந்த உடையைப் போடுவது சட்டப்படி குற்றம். குழந்தைக்கும் சேர்த்துத்தான்.