230 கிலோபாஸ்கல் என்றால் எத்தனை பிஎஸ்ஐ?

கேள்வி: என் காரின் கதவோர ஸ்டிக்கரில் முன் டயருக்கு 230 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. என்னிடம் உள்ள பம்ப் பிஎஸ்ஐ காட்டுகிறது, பழைய கேஜ் ஒன்றில் கிலோ/ச.செ.மீ. என்று இருக்கிறது. எந்த எண் வரை காற்றடிப்பது? வானிலைச் செய்தியில் காற்றழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள். அதுவே 101 கிலோபாஸ்கல் ஆகிறதே, அதை 230-இல் கழிக்க வேண்டுமா?

பதில்: பம்பில் 33, பழைய கேஜில் 2.3-ஐக் கொஞ்சம் தாண்டி. எதையும் கழிக்க வேண்டாம்.

மனக்கணக்குக்கு ஒரே ஒரு எண் போதும்: 100 கிலோபாஸ்கல் என்பது 14.5 பிஎஸ்ஐ. 200-க்கு 29, மீதி 30-க்கு 4.35, கூட்டினால் 33.35. அந்த 100 கிலோபாஸ்கல்தான் 1 பார். ஆகவே பாரில் உங்கள் டயருக்கு 2.3.

பழைய கேஜில் உள்ள 'கிலோ' வேறு. ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஒரு கிலோ எடை அழுத்தினால் வரும் அழுத்தம் அது, 98.07 கிலோபாஸ்கல். பாருக்கும் இதற்கும் 2 சதவீதம்தான் வித்தியாசம். டயருக்கு இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம், ஆய்வகத்தில் கூடாது. யாராவது "ரெண்டு கிலோ அடிங்க" என்றால் இந்தக் கிலோவைத்தான் சொல்கிறார்கள், கிலோபாஸ்கலை அல்ல. 2 கிலோபாஸ்கல் என்பது 0.3 பிஎஸ்ஐகூட இல்லை!

இனி அந்தக் கழித்தல். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பலர் தடுமாறுவது பெருக்கலில் அல்ல, பூஜ்யத்தில். சுத்தமாகக் காற்றிறங்கிய டயரில் கேஜை வைத்தால் பூஜ்யம் காட்டும். ஆனால் உள்ளே வெற்றிடம் இல்லை, வெளியில் உள்ள அதே 101 கிலோபாஸ்கல் காற்று இருக்கிறது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். ஸ்டிக்கரில் உள்ள 230-உம் அதே கேஜ் கணக்குதான். வானிலைக்காரர்கள் வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் டயருக்குள் இருப்பது 331.

காற்றடிக்கும்போது 331 தேவைப்படாது. டயர் சூடானால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று பார்க்கத்தான் அது வேண்டும். 27 டிகிரி செல்சியஸில் 230 அடித்தீர்கள், ஓடி ஓடி உள்ளிருக்கும் காற்று 57 டிகிரி ஆகிவிட்டது என்று வையுங்கள். கெல்வினில் (செல்சியஸ் எண்ணோடு 273 கூட்டினால் வரும் வெப்பநிலை அளவு) 300 போய் 330, அதாவது 10 சதவீதம் உயர்வு. டயரின் கொள்ளளவு பெரிதாக மாறாது என்பதால் அழுத்தமும் 10 சதவீதம் ஏறும். ஆனால் அது 230-இல் 10 சதவீதம் இல்லை, 331-இல். 364 ஆகும். வெளிக்காற்றின் 101 போனால் கேஜில் 263, அதாவது 38 பிஎஸ்ஐ. நேராக 230-ஐ 1.1-ஆல் பெருக்கியிருந்தால் 253 என்று தப்பாக வந்திருக்கும்.

ஓடி வந்த சூட்டில் 38 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டிக்கரில் இருப்பது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. அப்போது இறக்கினால், ஆறியதும் 33-க்குக் கீழே போய்விடும்.